கண்ணாடிக் கடையில் பிரசவம்

— இல்லப்பா, அம்மாவுக்கும் சேர்த்துதான் சொல்றேன். உங்க மருமக தெளிவா சொல்லிட்டா. குழந்தை பொறந்து, அவ கையில வாங்கிப் பார்த்து, அவளா சொல்ற வரைக்கும் யாருக்கும் தகவல் போகக் கூடாது. யாரும் பிரசவ ரூமுக்குள்ள வரவும் கூடாது.

— உங்கம்மாகிட்ட மறைக்கறதா? டேய், முப்பத்தெட்டு வருஷத்துல நான் அவகிட்ட ஒரு தும்மலைக்கூட மறைச்சதில்ல. ஒரு தடவை மறைச்சேன். அது மூணு நாள் உள்ளேயே சுத்திட்டு காது வழியா வந்துச்சு.

— அம்மாவுக்குத் தெரிஞ்சா பெரியம்மாவுக்குத் தெரியும். பெரியம்மாவுக்குத் தெரிஞ்சா வேன் பிடிச்சு எல்லாரையும் கூட்டிட்டு வந்துடுவாங்க. அக்கா பிரசவம் மறந்து போச்சா? ரூமுக்குள்ள பதினோரு பேர்.

— பத்தரை. உங்க சித்தப்பா வாசல்படியில நின்னதால பாதிதான் உள்ள இருந்தார்.

— நீங்க டாக்டருக்குக் கதை சொல்லி, அவங்க சிரிச்ச சிரிப்புல கத்தரிக்கோல் கீழ விழுந்துச்சு. அக்கா இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி அழறா.

— அது கதை இல்லப்பா, நடந்த சம்பவம்.

— அப்பா, விளையாடாதீங்க. விடிகாலையில வலி கண்டுச்சு, இப்ப மணி பன்னெண்டாகப் போகுது. முதல் பிரசவம், பயந்து போயிருக்கா. அவ கேட்டது இந்த ஒண்ணுதான், கூட்டம் வேண்டாம்னு. ‘கதவுல மாமாவை நிறுத்துங்க, அவரைத் தாண்டி ஒரு ஈ வராது’ன்னு அவளேதான் சொன்னா.

— என்னையா சொன்னா?

— உங்களைத்தான்.

— சொல்லுவா. முப்பத்தோரு வருஷம் தியேட்டர் கதவுல டிக்கெட் கிழிச்சவன்டா நான். ஒரு நாள் தியேட்டர் முதலாளியையே டிக்கெட் இல்லைன்னு திருப்பி அனுப்பினேன். பாவம், வரிசையில நின்னு வாங்கிட்டு வந்தார். பெஞ்சு டிக்கெட்தான் கிடைச்சது. நீ உள்ள போய் அவ பக்கத்துல இரு. கதவு என் பொறுப்பு.

— உங்க போன் அடிக்குது. அம்மாதான்.

— நல்லவேளை, உங்க பெரியம்மாவுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிப் போயிட்டா. நான் கண்ணாடி ரிப்பேருக்குப் போறதா சொல்லி வச்சிருக்கேன். நீ போ, நான் பார்த்துக்கறேன். ஹலோ. சொல்லு.

— ஏங்க, எங்க இருக்கீங்க?

— கண்ணாடிக் கடையில. நீ?

— அக்கா வீட்டுல. ஒரு கண்ணாடிக்கு மூணு மணி நேரமா?

— பெரிய கடை. கண்ணைப் பார்க்கவே ஒரு மணி நேரம். எனக்கு ரெண்டு கண்ணு.

— சரி சரி. அங்க என்னங்க, தள்ளுவண்டி உருளற சத்தம் கேக்குது?

— அதுவா. சில பேருக்குக் கண்ணாடி ரொம்ப கனமா வரும். கழுத்து தாங்காது. அந்த மாதிரி ஆளுங்களைப் படுக்க வச்சுத்தான் தள்ளிட்டுப் போறாங்க.

— மைக்ல யாரையோ மூணாவது மாடிக்கு வரச் சொல்றாங்களே. கண்ணாடிக் கடைக்கு மூணு மாடியா?

— பவர் ஏற ஏற மாடி ஏறணும். மைனஸ் எல்லாம் தரைக்குக் கீழ.

— அப்புறம்?

— அப்புறம்னா?

— அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்கறேன்.

— நீயா கேக்கற? கல்யாணமான புதுசுல இருந்து நான் வாயைத் திறந்தா ‘போதும்’னுதானே சொல்லுவ.

— இன்னைக்குக் கேக்கணும் போல இருக்கு. சொல்லுங்களேன்.

— கடைக்காரர் ஒரு லென்ஸ் மாட்டிவிட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நின்னுச்சு. ஜன்னலோரமா ஒருத்தர் பேப்பர் படிச்சிட்டிருந்தார். அந்தப் பேப்பரை நான் நாற்காலியில இருந்தே படிச்சேன். பக்கத்தைத் திருப்பறதுக்கு முன்னாடி அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, ‘முடிச்சிட்டீங்களா?’ன்னு கேட்டார்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ‘விளையாட்டுச் செய்தி பாக்கி இருக்கு’ன்னேன். மரியாதையான மனுஷன், காத்திருந்தார். பஸ்ஸும் காத்திருந்துச்சு. லைன்ல இருக்கியா?

— இருக்கேன், இருக்கேன். மூச்சை இழு... மெதுவா விடு... அப்படித்தான்.

— யாரை மூச்சு விடச் சொல்ற?

— அக்காவை. முதுகு வலிக்கு மூச்சுப் பயிற்சி.

— உங்கக்கா மூச்சு விட்டா மத்தவங்களுக்கு மிச்சம் இருக்காதே. சரி, நான் போனை வைக்கட்டுமா?

— வைக்காதீங்க.

— இரு, கடைக்காரர் கூப்பிடறார். என்னடா, நீ எதுக்கு வெளிய வந்த?

— அப்பா, ஏன் நிறுத்திட்டீங்க?

— நான் நிறுத்தினது உனக்கெப்படித் தெரியும்?

— கதவு வழியா கேட்டுச்சு. அம்மாகிட்ட பேசிட்டே இருங்க. என்ன ஆனாலும் போனை வச்சுடாதீங்க.

— அதுவும் சரிதான். பேசிட்டிருக்கறவ பஸ் ஏற மாட்டா. மருமக எப்படி இருக்கா?

— வலி அடிக்கடி வருது. ஆனா காலையில இருந்த பயம் இல்ல. பேசுங்கப்பா, ப்ளீஸ்.

— ஹலோ, இருக்கியா? கடைக்காரர் அடுத்த லென்ஸை மாட்டினார்.

— சொல்லுங்க, சொல்லுங்க.

— தரையில ஒரு எறும்பு போச்சு. நெத்தி பூரா வேர்வை.

— எறும்புக்கு ஏதுங்க நெத்தி?

— அந்த லென்ஸ்ல இருந்துச்சு. நடுக்கால் ஒண்ணு சுளுக்கி, நொண்டி நொண்டிப் போகுது. வாயில அதைவிடப் பெரிய சர்க்கரை. எனக்கு மனசு கேக்கல. ‘கொஞ்சம் இறக்கி வச்சிட்டுப் போயேம்மா’ன்னேன். நின்னு ஒரு பார்வை பார்த்துச்சு பாரு.

— என்ன பார்வை?

— ‘இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தவ, இன்னும் நாலடிக்கு இறக்கி வைப்பாளா? தள்ளி நில்லுய்யா’ன்னு ஒரு பார்வை.

— ஏங்க, அதை இன்னொரு தடவை சொல்லுங்க.

— எதை?

— எறும்பு பார்த்ததை. சத்தமா சொல்லுங்க.

— இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தவ, இன்னும் நாலடிக்கு இறக்கி வைப்பாளா? தள்ளி நில்லுய்யா.

— ஆங்.

— அங்க யாரு சிரிக்கறது? சிரிக்கற மாதிரியும் இருக்கு, அழற மாதிரியும் இருக்கு.

— அக்காதான். சிரிச்சா அவளுக்கு முதுகு வலிக்கும்.

— உங்கக்கா சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே. நம்ம கல்யாண போட்டோவுலகூட யாரோ செத்த மாதிரிதான் நிக்கறா. இரு, ஒரு நிமிஷம். அம்மா, அம்மா, எங்க போறீங்க? இது வழி இல்ல. உள்ள ஹவுஸ்ஃபுல்.

— யாருங்க?

— கடையில ஒரு அம்மா. வெள்ளைக் கோட்டு போட்டுட்டு விடுவிடுன்னு வர்றாங்க. இல்லம்மா, முடியாது. யாரா இருந்தாலும் என் மருமக சொன்னாத்தான்... அது வந்து, என் கடைக்காரர் சொன்னாத்தான்.

— அப்பா, என்ன பண்றீங்க, அது டாக்டர்.

— டாக்டர்னு எப்படிடா நம்பறது? கழுத்துல தொங்கறதை எவன் வேணும்னாலும் வாங்கி மாட்டலாம். உங்க பெரியம்மா வேஷம் போட்டு வந்தா?

— அப்பா, குழந்தை வரப் போகுது, வழி விடுங்க. மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வாங்க, வாங்க.

— போங்கம்மா, போங்க. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. டேய், நிஜமா வரப் போகுதா?

— நிஜமாப்பா. பேசுங்க, நிறுத்தாதீங்க. நான் உள்ள போறேன்.

— ஏங்க, என்ன வரப் போகுதாம்?

— லென்ஸ். வெளிநாட்டு லென்ஸ். வரப் போகுதுன்னு கடையே பரபரப்பா இருக்கு.

— உங்க குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

— குளிர் மெஷின் வச்சிருக்காங்க.

— அது சரி, யாரோ ‘முக்கு, முக்கு’ன்னு கத்தற மாதிரி இருக்கே?

— அது ‘மூக்கு.’

— முக்குன்னுதாங்க கேக்குது.

— மூக்குதான். அவசரத்துல நெடிலை முழுங்கிட்டாங்க. ஒருத்தருக்குக் கண்ணாடி மூக்குல உட்காரல. எல்லாரும் சேர்ந்து மூக்கு, மூக்குன்னு வழி காட்டறாங்க.

— ஒரு மூக்குக்கு இத்தனை பேரா?

— பிடிவாதமான மூக்கு. எட்டு மணி நேரமா வெளிய வரமாட்டேங்குது.

— மூக்கு வெளிய வரமாட்டேங்குதா?

— கண்ணாடி. கண்ணாடி உட்கார மாட்டேங்குதுன்னு சொன்னேன். திரும்ப யாரு சிரிக்கறது? உங்கக்காவை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டு.

— அப்புறம்? சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க.

— உனக்கு இன்னைக்கு என்னதான் ஆச்சு?

— நிறுத்தினீங்கன்னா இப்பவே பஸ் ஏறி அங்க வந்துடுவேன். அக்காவையும் கூட்டிட்டு வருவேன்.

— வேண்டாம், வேண்டாம், உட்காரு. சொல்றேன். கடைசி லென்ஸ். பெட்டிக்குள்ள பெட்டி வச்சு, அதுக்குள்ள ஒரு பெட்டி வச்சு எடுத்தார். ‘ஐயா, இதைப் போட்டா தூரத்துல இருக்கறது தெரியாது, இனிமே நடக்கப் போறது தெரியும்’னார். ‘மாட்டுய்யா’ன்னேன்.

— மாட்டினாரா?

— மாட்டினார்.

— என்ன தெரிஞ்சுது? நிறுத்தாதீங்க, இதுதான் நேரம், நிறுத்தாதீங்க.

— நம்ம வீட்டு ஹால். நான் நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். நீ சமையல்கட்டுல இருந்து ‘போதும்’னு சொல்ற.

— சரி சரி. அப்புறம்?

— என் மடியில ஏதோ கனம். பூனைன்னு நினைச்சேன். பூனை இவ்வளவு சூடா இருக்காது. என் கன்னத்தைத் தடவி, தாடையைப் பிடிச்சு, சட்டைப் பொத்தானை வாயில போட்டுப் பார்த்துட்டு, மெதுவா ஒரு கை மேல வருது. அஞ்சு விரல். ஒவ்வொரு விரலும் தீக்குச்சி நீளம்கூட இல்ல.

— யாருங்க அது?

— பார்க்கத்தான் நானும் குனிஞ்சேன்.

— பார்த்தீங்களா? முகம் யார் மாதிரி இருந்துச்சு? சொல்லுங்க, இன்னும் ஒரே ஒரு தடவை, சத்தமா.

— எங்க பார்க்கறது? அதுக்குள்ள அந்தக் கை என் கண்ணாடியைப் பிடுங்கிடுச்சு.

— ஏங்க... ஏங்க...

— இரு. பேசாதே. அந்தச் சத்தம்.

— என்ன சத்தம்?

— ஒண்ணுமில்ல. பூனை. கடைப் பூனை. நல்ல தொண்டை. ஆரோக்கியமான பூனை.

— ஏங்க, நீங்க அழறீங்களா?

— லென்ஸ் உறுத்துது. ஆனா ஒண்ணு புரியல. பூனை கத்தறது ஒரு காதுல கதவு வழியா கேக்குது, இன்னொரு காதுல போன் வழியா கேக்குது. உங்கக்கா வீட்டுலயும் அதே பூனையா?

— அக்கா வீடும் இல்ல, பூனையும் இல்ல. விடியற்காலையில இருந்து நான் இந்த ரூமுக்குள்ள உங்க மருமக தலைமாட்டுலதான் இருக்கேன். போனை ஸ்பீக்கர்ல போடச் சொன்னதே அவதான், ‘அத்தை, நீங்க என் கூட இருங்க, மாமா வெளிய நிக்கட்டும், அவரோட பொய் மட்டும் உள்ள வரட்டும்’னு.