ஆலைக் கணினியும் டிவிக்காரனும்

பழைய கணினியைத் துடைக்க ஈரத்துணி ஆகாது, ஐயா. நல்ல பெயின்ட் பிரஷ் வேண்டும், பொறுமை வேண்டும். இரண்டும் என்னிடம் இருந்தன. என் மைத்துனனிடம் ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஓயாத வாயும்தான் இருந்தன.

காகித ஆலையில் அந்தக் கணினியை முப்பது வருஷம் பராமரித்தவன் நான். ஆள் உயரப் பெட்டி. பக்கத்தில் திரையும் விசைப்பலகையுமாக ஒரு டெர்மினல். சரக்கிருப்பு, ஆள்வருகை எல்லாம் அதில்தான். ஆலையை மூடியபோது பழைய இரும்புக்குப் போகவிருந்ததை என் கார் ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். பதினொரு மாதம் உழைத்தேன். கெட்டுப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினேன். ஒவ்வொரு போர்டின் விளிம்பையும் அழிப்பானால் தேய்த்தேன். பெட்டியில் விளக்குகள் எரிந்தன. டெர்மினல் மட்டும் வாய் திறக்கவில்லை.

மைத்துனன் டிவி ரிப்பேர் செய்பவன். என் மனைவிக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் போனபின் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். வாரத்துக்கு இரண்டு தடவை வந்து, கேட்காமலே உதவுவான். அரைகுறைகளுக்கு உதவி செய்வதில் ஒரு வெறி உண்டு, கவனித்திருப்பீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆலையின் பழைய மேலாளரும் கூட வேலை பார்த்த நாலு பேரும் பார்க்க வந்தார்கள். அரைமணி நேரம் விளக்கினேன். திரை இருட்டாகவே கிடந்தது. கூட நின்ற மைத்துனன் டெர்மினலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

“அத்தான், இந்த கேபிள தலைகீழா மாட்டியிருக்கீங்க.”

திருப்பி மாட்டினான். பச்சை எழுத்துகள் வரிவரியாக இறங்கின.

“முப்பது வருஷம் பார்த்த கைக்கு இது தெரியலையேப்பா!” என்று மேலாளர் சிரித்தார். அவர் எப்போதுமே மேம்போக்கான ஆள். என் மனைவியும் சிரித்தாள். தம்பியின் தலையைக் கோதிவிட்டாள். நானும் கைதட்டினேன். வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மறுநாள் காலை அவனாகவே வந்தான். பவர் பெட்டியில் விசிறி கரகரக்கிறதாம், மாற்றித் தருகிறானாம். முன்பக்க சுவிட்சை அணைத்தேன், விசிறி நின்றது. ஆனால் சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்காதவரை பெட்டிக்குள் மின்சாரம் இருக்கும். அது அவனுக்கும் தெரியும். கணினிக்குப் பின்னால் குந்தியபடி கேட்டான்.

“அத்தான், ப்ளக்க பிடுங்கிட்டீங்களா?”

“பிடுங்கிட்டேன்டா. கைய வை.”

ப்ளக் என் கண்ணெதிரே சுவரில்தான் இருந்தது. நான் அவனைத் தொடவில்லை, தள்ளவில்லை. தன் கண்ணால் பார்க்காமல் அடுத்தவன் சொல்லை நம்புகிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

“அக்கா” என்றான். பாதிதான் வெளியே வந்தது. நான் பத்து வரை எண்ணினேன். ஆள் அடங்கியதும் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

ஓடிவந்த என் மனைவி அதைப் பார்த்தாள். அவன் கேட்டதும் நான் சொன்னதும் சமையலறை ஜன்னல் வழியாக முன்பே அவள் காதில் விழுந்திருக்கிறது. அவள்தான் உங்களுக்குப் போன் செய்தாள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஏதோ பதற்றத்தில் செய்திருப்பாள்.

ஆமாம், தெரிந்தே பொய் சொன்னேன். சாகட்டும் என்றுதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். அவளை மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள். நாலு நாள் அழுவாள், பிறகு என்னைப் பார்க்க வந்துவிடுவாள். என்னை விட்டால் அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள்?