மமதாவின் இரட்டைப் பெண்கள்

காபி கொஞ்சம் கசக்கும் சார். பெங்களூரிலிருந்து மாரிகுப்பம் ரயிலில் நின்றுகொண்டே வந்தவருக்கு அது நல்லதுதான். சுரங்க ஊரான இந்த நந்திதுர்க்கில் என் கருத்தரிப்பு மையத்தைத் தேடி ஓர் அரசு அதிகாரி வருவது இதுவே முதல் முறை. கருவின் மரபணுவில் கைவைக்கக் கூடாது என்று விதிமுறை அனுப்புகிறீர்கள். வைத்தோமா என்று பார்க்க ஆள் அனுப்புவதில்லை. குறையாகச் சொல்லவில்லை.

உதயும் மமதாவும் என்னிடம் வந்தபோது அவர்களுடைய மகன் இறந்து ஓராண்டு ஆகியிருக்கும். தலசீமியா. ரத்தம் ஏற்றி ஏற்றியே வாழ்ந்த பிள்ளை. "இன்னொரு வாட்டி என்னால தாங்க முடியாது டாக்டரம்மா," என்றாள் மமதா. கருக்களைச் சோதித்து, நோயில்லாததை மட்டும் கருப்பையில் வைப்பதாகச் சொன்னேன். அதற்கு அனுமதி உண்டு.

ஆனால் நோயுள்ள கரு ஒன்றை எடுத்து அதன் மரபணுவை வெட்டித் திருத்தினேன். வெளிநாட்டில் கற்று வந்த வேலை; எத்தனை காலம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது? நெறிமுறைக் குழு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. நான், என் கணவர் வால்டர், எங்கள் கணக்கர். சமோசாவுடன் கூட்டம் நடந்தது. யாரும் எதிர்க்கவில்லை.

திருத்தியதையும் நோயில்லாத ஒன்றையும் சேர்த்தே வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமல்லவா?

இரண்டு பெண்கள். தெரு முழுக்க லட்டு கொடுத்தார்கள். ஒருத்தி இப்போது வீடெல்லாம் ஓடுகிறாள். மற்றவளுக்குத் தலசீமியா இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மரபணுவில் என் வெட்டு வேறோர் இடத்திலும் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். கழுத்து நிற்கவில்லை. வலிப்பு வருகிறது.

"இன்னா டாக்டரம்மா, ரெண்டும் ஒரே வயித்துலதானே இருந்துச்சு? இதுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று மமதா அழுதாள்.

"ஒவ்வொரு கொழந்தையும் ஒரு மாதிரிம்மா," என்று முதுகைத் தடவிவிட்டு, குழந்தையிடம் ரத்தம் எடுத்துக்கொண்டேன். இப்போதும் எடுக்கிறேன், இலவசமாக. உதய் கும்பிடுகிறார். "நீங்க இல்லாட்டி எங்களுக்கு யாருங்க?"

அவர்களிடம் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள். அதனால்தான் கேட்கவில்லை.

நோயில்லாத கரு வேறு இருந்ததா? இருந்தது சார். இன்னும் உறைநிலையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். திருத்தியதற்குப் பதில் அதைக் கருப்பையில் வைத்திருந்தால் இருவருமே ஓடியிருப்பார்கள். எனக்குத்தான் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆம், தெரிந்தேதான் செய்தேன்.

ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர்கள் கேட்டது நோயில்லாத ஒரு குழந்தை. கொடுத்துவிட்டேனே.