எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

அந்தக் கல்லுலதான் அப்பு. நீங்க இப்பச் சைக்கிளச் சாத்தி வச்சுட்டு வந்தீகள்ல, அதே எல்லைக்கல்லு. அதுக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் வண்டி. எம் பொண்டாட்டி கண்ணம்மாள உசுரோட நான் கடைசியாப் பாத்தது அங்கனதான். வைக்கோலப் பரப்பி, மேல சமுக்காளத்தப் போட்டுப் படுக்க வச்சிருந்தாக. வயித்துல ஏழு மாசம். உதிரம் நிக்கல. அவ தம்பி சோலைமுத்துதான் மாட்டப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான், திண்டுக்கல் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக. அவ என்ன சொன்னாளா? கோழி ரெண்டு வெளிய நிக்கிது, மறக்காம அடைச்சிருங்கன்னா. அம்புட்டுத்தான். வண்டி கெளம்பிருச்சு.

நாங் கூடப் போகல. போகக்கூடாது. கையில காப்புக் கட்டியிருந்துச்சு.

உக்காருங்க, எதுக்கு நிக்கிறீக. மோரு தாரேன். ச்சே, கடையில வாங்குனதில்ல, நானே கடஞ்சதுதான். உப்பு முன்னப்பின்ன இருக்கும், பொம்பள இல்லாத வீடு பாருங்க.

நீங்க எதுக்கு வந்திருக்கீகன்னு தெரியும். உங்கையா காலத்துக்கப்புறம் ஊர்ப் பெரியதனம் ஒங்க கைக்கு வந்திருக்கு. பதினோரு வருசமா நின்னுபோன நாடகத்த இந்த வைகாசியில ஆடிப்புடணும். பழைய ராஜா நானு கோயிலுக்கு வந்து காப்ப அவுத்தாத்தான் புது ராஜாவுக்குக் கட்ட முடியும். அதான? ம். சொல்றேன், செத்த நேரம் பொறுங்க. அவசரமா இருந்தா நாளைக்கி வாங்க. இல்லையா? அப்பச் சரி.

நாடகத்த நீங்க முழுசாப் பாத்திருக்க மாட்டீக. உங்கையா மடியில உக்காந்து பொரிகடலை தின்னுக்கிட்டு இருப்பீக. மகுடவாகு ராஜா கதை. எங்க தாத்தன் காலத்துலருந்து ஆடுறது. பெட்ரோமாக்ஸ் வெடிச்சுக் கொட்டகை எரிஞ்ச வருசத்துலருந்து நம்ம ஊர்ல மட்டும் பகல்ல ஆடுவாக. வெயில் தாழ ஆரம்பிச்சு, வெளக்கு வைக்கிறதுக்குள்ள மங்களம் பாடிரணும்.

நான் பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஆளு. அந்தப் பாட்டுகள வச்சுத்தான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். எங்க வாத்தியாரு நூர் முகமது இருந்தாருல்ல, ஆர்மோனியம் வாசிப்பாரே, அவரு என்ன சொல்லுவாரு தெரியுமா? ஏலே, ராஜான்னா கத்தக்கூடாது. கத்துறவன் சேவகன். ராஜா கைய ஒசத்தக்கூடாது, வேகமா நடக்கக்கூடாது, மூக்குல ஈ உக்காந்தாலும் ஓட்டக்கூடாது. சும்மா இருக்குறதுதான்டா அதிகாரம். இதச் சொல்லிச் சொல்லியே என்னய மரக்கட்டையா ஆக்கிப்புட்டாரு. எனக்கு அந்த அட்டைக் கிரீடம் வேற, உள்ளுக்குள்ள புளியங்கொட்டப் பசை. வெயில்ல வேர்வ எறங்குனா அரிக்கும் பாருங்க, ஐயையோ. அம்பத்தாறு தேசத்துக்கும் ராஜா, தலையச் சொறிய அதிகாரம் இல்ல.

சிரிக்கிறீக. இதையும் கேளுங்க. நடுச் சபையில திருடனுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கிட்டு இருப்பேன். அந்நேரம் பாத்து உங்கையா வருவாரு, செருப்புச் சத்தம் மொதல்ல வரும். நாங் கிரீடத்தோட எந்திரிச்சு, சிம்மாசனத்த விட்டு எறங்கி, கையக் கட்டிக்கிட்டு நிப்பேன். அவரு உக்காந்து, துண்ட ஒதறி, ம் ஆடுங்கப்பாம்பாரு. அப்பறம் நான் போயி உக்காந்து, அவன் தலைய வெட்டச் சொல்லி உத்தரவு போடுவேன். சனம் ஒண்ணும் சிரிக்காது. அதுதான மொறைன்னு பாத்துக்கிட்டு இருக்கும். கோமாளி சங்கிலி மட்டும் ஒரு தடவ, மகாராசா, சிம்மாசனத்துல முள்ளு கிள்ளு இருக்கான்னு கேட்டுப்புட்டான். மறுநாள் அவன் வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற மொறை போச்சு.

கோவிச்சுக்காதீக. உங்கையாவ நான் கொற சொல்லல.

கண்ணம்மாளுக்கு முடியாமப் போனது காப்புக் கட்டி மூணாம் நாளு. ஒங்களுக்குத் தெரியாததா, பூசாரி மஞ்சக்கெழங்குத் துண்ட மஞ்சக் கயித்துல கோத்து ராஜா வேசக்காரன் மணிக்கட்டுல கட்டிப்புட்டா, மங்களம் பாடிக் கோயில்ல அவுக்குற வரைக்கும் ஊரெல்லையத் தாண்டக்கூடாது. தாண்டுனா மழை போயிரும். நமக்கு அப்ப மூணு வருசமா மழையில்ல. கெணத்துல எல்லாம் தவளதான் கெடந்துச்சு. மாட்டுக்குக் கத்தாழையச் சுட்டுப் போட்டுக்கிட்டு இருந்தோம்.

நான் பூசாரி சடையாண்டிகிட்டப் போனேன். காப்ப அவுத்து விடுங்க, பொண்டாட்டி கூடப் போகணும்னேன். அவரு, பெரியதனம் ஒரு வார்த்த சொல்லட்டும், அவுத்துடுறேன்னாரு. உங்கையாகிட்ட ஓடுனேன். அவரு சாப்ட்டுக்கிட்டு இருந்தாரு. கை கழுவிட்டு வந்து, எங்கையில என்னப்பா இருக்கு, சாமி காரியம், பூசாரி அவுத்தா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்னாரு. திரும்பப் பூசாரி. அவரு, ஊர் கூடிச் சொல்லட்டும்னாரு. ஊரு எங்கனக்குள்ள இருக்கு? டீக்கடையில நாலு பேரு இருந்தாக. அவுகளக் கேட்டேன். நாங்க என்னத்தச் சொல்ல, பெரிய மனுசங்க இருக்காகல்லன்னாக. ஒருத்தரும் போகாதேன்னு சொல்லல அப்பு. அத நல்லாக் கேட்டுக்கங்க. ஒருத்தரும் சொல்லல. ஆனா எல்லைக்கல்லுக்கு நான் போனப்ப, எனக்கு முன்னாடியே அங்க முப்பது நாப்பது பேரு வந்து நிக்கிறாக. பொம்பளைக எல்லாம். கையில கொழந்தைக. பெருமாயிக் கெழவி மண்ணுல நெடுஞ்சாங்கெடையா விழுந்து, ராசா, எம் பேரப்புள்ளைக தண்ணி இல்லாமச் சாகுதுக ராசான்னு எங் கால்ல நெத்திய வச்சிருச்சு. நான் எப்பிடித் தாண்டுவேன்? நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீக?

அப்பறம் நாடகத்தன்னைக்கி.

காலையிலயே அரிதாரம் பூசி உக்கார வச்சிருவாக. பூசுனதுக்கப்புறம் வாத்தியாரத் தவிர யாரும் ராஜாகிட்டப் பேசக்கூடாது, அது ஒரு மொறை. வெயில் தாழுற நேரம் நான் வாத்தியாருகிட்ட, சோலைமுத்து வந்தானா, ஆசுபத்திரியில என்ன சொன்னாகளாம்னு கேட்டேன். அவரு ஆர்மோனியத்தத் தொடச்சுக்கிட்டே, பாட்டுல கவனத்த வைய்யின்னாரு. என் மூஞ்சியப் பாக்கல. பாடம் சொல்லும்போது எப்பவும் மூஞ்சியப் பாத்துத்தான் பேசுவாரு.

கடைசிக் கட்டம் கோட்டக் கதவு. கதை இதுதான். எதிரி படை வருதுன்னு, பூசை முடியுற வரைக்கும் யாருக்கும் கோட்டக் கதவத் தெறக்கக்கூடாதுன்னு ராஜாவே ஆணை போட்டுருவாரு. பொறந்த வீட்டுக்குப் போன ராணி அந்நேரம் திரும்பி வந்து வெளிய நிப்பா. கதவத் தட்டுவா. ராஜா மந்திரியப் பாத்துத் தெறன்னு சொல்லமாட்டாரு, தெறக்கலாமான்னு கேப்பாரு. மந்திரி, குருவக் கேளுங்கம்பாரு. குரு, படைத்தலைவரக் கேளுங்கம்பாரு. படைத்தலைவரு, ஆணை போட்டது தாங்கதான மகாராஜாம்பாரு. பேசிக்கிட்டு இருக்கையிலயே வெளிய தட்டுற சத்தம் நின்னு போகும். அப்ப ராஜா பாடணும். ஆணையிட்ட நாவாலே அடச்சுவச்சேன் கதவை, அழுதாலும் தெறக்குறதுக்கு ஆளில்லையே. எளவட்டமா இருந்தப்ப எனக்கு இந்த ராஜா மேல கோவமா வரும். தெறக்க வேண்டியதுதானடா கிறுக்கா, கதவு ஒன் கதவுதானன்னு தோணும்.

அன்னைக்கி அந்தப் பாட்ட நான் எடுத்ததும் சனம் அழுதுச்சு. எப்பவும் நாலு கெழவிக மூக்கச் சிந்தும். அன்னைக்கி அப்பிடி இல்ல. ஆம்பளைக அழுகுறாக. வளையக் கடை அப்துல் கையூம் தலையில துண்டப் போட்டுக்கிட்டுக் குலுங்குறாரு. பெருமாயிக் கெழவி மாருல அடிச்சுக்கிருச்சு. உங்கையா அம்புட்டுச் சனத்துக்கு நடுவுல எந்திரிச்சு நின்னுட்டாரு. நான் ஒக்காந்திருக்கேன், அவரு நிக்கிறாரு. நம்ப மாட்டீக, எனக்கு அப்ப ஒரு சந்தோசம் வந்துச்சு. இம்புட்டு வருசத்துல இன்னைக்கித்தான்டா ராஜாவா ஆடுனோம்னு. இன்னொரு தரம் பாடுன்னு யாரும் சொல்லாமலே நான் அந்த அடிய இன்னொரு தரம் பாடுனேன்.

மங்களம் பாடி முடிச்சதும் வாத்தியாரு வந்து எங் கிரீடத்த அவரு கையாலயே எடுத்தாரு. எல்லைக்கல்லுக்குப் போடான்னாரு.

வண்டி அங்கதான் நின்னுச்சு. மத்தியானத்துலருந்து நிக்கிது. காலையிலயே உசுரு போயிருக்கு, புள்ளையும் வயித்தோட போயிருச்சு. சோலைமுத்து கொண்டாந்தப்ப, ஊருக்குள்ள வந்தா ராஜாவுக்குத் தீட்டு, நாடகம் நின்னு போகும், மங்களம் ஆகட்டும்னு கல்லுக்கு அந்தப் பக்கமே நிறுத்திப்புட்டாக. அவனுக்குக் குடிக்க மோரு குடுத்திருக்காக. சனம் அம்புட்டும் போயிப் பாத்துட்டு வந்துதான் நாடகத்துக்கு உக்காந்திருக்கு.

யாரு நிறுத்தச் சொன்னதா? நானும் கேட்டேன். சோலைமுத்துவக் கேட்டா, எல்லாருந்தான் மாமாங்கிறான்.

ஒங்க வீட்ல யாரும் சொல்லலையா? சரி, விடுங்க. நீங்க சின்னப் புள்ள. அழுகாதீக அப்பு, மோரக் குடிங்க. அந்த வருசமும் மழை பேயல.

காப்பா? சடையாண்டி தொடமாட்டேன்னுட்டாரு. தீட்டுக்காரன் கோயில் வாசல மிதிக்கக்கூடாது, பதினாறு கழியட்டும்னாரு. கழிஞ்சு போனா, திருவிழாக் கொடி எறங்கிருச்சு, இனி அடுத்த வைகாசிதான்னாரு. அடுத்த வைகாசிக்கு என்னய யாரும் கூப்புடல. தெருவுல எதுக்க வந்தா உங்கையா வரப்பு வழியா எறங்கிப் போயிருவாரு. நான் அந்தக் கையோடதான் கத்திரிக்குத் தண்ணி கட்டுனேன், மல்லியப் பூப் பறிச்சேன், சோறு பொங்குனேன்.

கிரீடம் அந்தா, பரண்ல சாக்குக்குள்ள இருக்கு. எடுத்துட்டுப் போங்க. ஆனா கோயிலுக்கு வந்து அவுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல, இந்தா பாருங்க கைய. கயிறு, மழை ரெண்டு பாக்குறதுக்கு முன்னாடியே இத்து, கெணத்துல குளிக்கையில அறுந்து விழுந்துருச்சு. மஞ்சத்துண்டு மட்டும் கடுகு டப்பாவுல கெடக்கு.