நீலப் பளிங்கு

பண்டாரவளைக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, இன்ஸ்பெக்டர். மெதுவாகத்தான் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஷுக்ரி. விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வீட்டுப் பின்னறையில், செம்பு உப்புக் கரைசலில் நீலப் பளிங்கு, அதாவது படிகம், வளர்த்தேன். செம்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். கடுங்குளிரில் அவை ஒழுங்காக அணிவகுத்து நிற்கும் என்பார்கள். இந்த உப்பில் அவை இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து ஒன்றையொன்று அடக்கிவிடும் என்று நான் நினைத்தேன். சோதித்துப் பார்க்க, வெளிநாட்டு ஆய்வுகூடமொன்று விரல் பருமனில் பிசகில்லாத பளிங்கு கேட்டது. கரைசலின் சூடு சட்டென்று குறைந்தால் ஒரு பளிங்குக்குப் பதில் வெறும் தூள்தான் மிஞ்சும். பல தடவை அப்படியே கெட்டுப்போனது. அலுத்துப்போயிருந்தேன்.

பொன்னையா, தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை போய் என்னிடம் உதவியாளாக வந்தவர். நல்ல மனிதர். சொன்னதைச் செய்வார்.

அன்று பகல் பெருமழை. மின்சாரம் நின்றது. கரியடுப்பைப் பின்னறைக்குள் வைத்து, கரைசலின் சூடு குறையாமல் விசிறும்படி பொன்னையாவிடம் சொன்னேன். ஜன்னல் ஏற்கெனவே அடைத்திருந்தது. கதவிடுக்கில் சாக்கைத் திணித்தேன். காற்றில் திறந்துகொள்ளாமலிருக்க வெளித்தாழ்ப்பாளையும் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

"சேர், தல சுத்துதுங்க. கதவ தெறங்க."

"இப்ப தெறந்தா குளிர் காத்து உள்ள வந்துரும். கொஞ்சம் பொறுங்க பொன்னையா."

"சரிங்க சேர்."

பிறகு தட்டினார். பலமாக அல்ல. மூடிய அறையில் கரி எரிந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். தெரியாது என்று சொல்லமாட்டேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். இந்தத் தடவையும் கெட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமே என்று நினைத்தேன். கையை எடுத்துக்கொண்டேன்.

தட்டுவது நின்றது. மின்சாரம் வந்த பிறகுதான் திறந்தேன். கதவோரமாகக் கிடந்தார். அவரைத் தாண்டிப்போய் ஜாடியைப் பார்த்தேன். பளிங்கு நன்றாக இருந்தது. அதை வெளிநாட்டுக்கு அனுப்பினேன். அங்கே சோதித்தார்கள். நான் நினைத்தது சரிதான்.

அவருடைய மனைவி ஜெயலெட்சுமி என்னிடம் ஒன்றுதான் கேட்டது.

"அவரு ஒங்கள கூப்புடவே இல்லீங்களா, சேர்?"

"இல்ல. தூங்கிட்டாரு போல."

"சத்தம் போடாத மனுசன்" என்று சொல்லி அழுதது.

அதற்குப் பின் எனக்குச் சரியான தூக்கமில்லை. அதனால்தான் வந்தேன். அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லியிருக்கக் கூடாது. எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். நான் செய்த குற்றம் அது ஒன்றுதான்.