பிரேக்கை மட்டும் பார்க்கவில்லை

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் கற்றுக்கொள்ளாமல் விட்டேன், பிறகு கேட்க வெட்கமாகிவிட்டது. ஆகவே, மனைவியின் மின்சார சைக்கிளைக் கண்டு எனக்குப் பொறாமை என்று உங்கள் கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வண்டியை வாரம் தவறாமல் துடைத்து வைத்தது நான்தான்.

நீங்கள் அனுப்பிய வாரண்டி படிவத்தில் ‘கோளாறுக்கான காரணம்’ என்ற இடத்தில் மூன்று கோடுகள்தான் விட்டிருக்கிறீர்கள். போதவில்லை. அதனால் தனித்தாளில் எழுதுகிறேன். நாலு முறை வந்தும் வண்டியைச் சரிசெய்யவில்லை என்று உங்கள் மெக்கானிக் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாகக் கேள்விப்பட்டேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. ஸ்க்ரூவைக் கழற்றினால் வரிசையாக வைக்கிற பெண் அவள். அப்படிப்பட்டவர்கள் குறைவு.

நான் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற முதல் வருடம் நன்றாகத்தான் போயிற்று. காலையில் நான் டீ போடுவேன், மனைவி பேப்பரைச் சத்தமாகப் படிப்பாள். கணீரென்ற குரல் அவளுக்கு. விலைவாசிச் செய்தியைக்கூட அவள் படித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அப்புறம்தான் ஐம்பத்தாறாவது வயதில் ஒரு நாடகக் குழுவில் போய்ச் சேர்ந்தாள். ஒத்திகை நடக்கும் இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம், மேட்டின் மேல். பஸ் கிடையாது. அதற்காகத்தான் உங்களிடம் வண்டி வாங்கினாள். முதல் மாதத்திலேயே அவளுக்கு நீதிபதி வேஷம் கிடைத்தது.

வீட்டில் வசனம் சொல்லிப் பார்க்க ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். நான் அடுப்பங்கரை ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“நிமிர்ந்து உக்காருங்க. குற்றவாளி எதுக்கு வெங்காயம் உரிக்கறாரு?” என்றாள்.

“உரிக்கலைன்னா நீதிபதிக்கு ராத்திரி சாப்பாடு கிடையாது” என்றேன்.

அந்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. பிறகு ஒருநாள் ஒத்திகை முடிந்து வந்து, “அங்க ஒருத்தர் குற்றவாளியா நடிக்கறாரு பாருங்க, நெஜமாவே அழறாரு. இனிமே நீங்க செரமப்பட வேண்டாம்” என்றாள். அடுத்த திங்கட்கிழமை மோட்டார் நின்றது.

எப்படி நின்றது என்று சொல்கிறேன். பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் தானாக நிற்பதற்காக, பிரேக் பிடிக்குள் ஒரு சென்சார் வைத்திருக்கிறீர்கள். பிடியை அழுத்தினால் ஒரு காந்தம் அதன் பக்கத்தில் வரும், மோட்டார் ஓய்ந்துவிடும். நல்ல ஏற்பாடு. லிஃப்டிலும் இதே கதைதான். கதவு திறந்திருக்கிறது என்று நினைக்கிற லிஃப்ட் ஓர் அங்குலம் நகராது. நான் செய்ததெல்லாம், அரை விரல் அளவு காந்தத் துண்டு ஒன்றைச் சென்சாரோடு ஒட்டிவைத்து, மேலே கறுப்பு டேப் சுற்றியதுதான். யாரோ பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருப்பதாக வண்டி நம்பிவிட்டது. பிரேக்கில் நான் கை வைக்கவில்லை. அவளுக்கு ஆபத்து வரக் கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருந்திருக்கிறேன்.

மாலை நாலரைக்கு வண்டியை வீட்டு நடையில் தலைகீழாகக் கவிழ்ப்போம். அவள் டார்ச் பிடிப்பாள், நான் பார்ப்பேன். முதல் நாள் பேட்டரி. முழு சார்ஜ் இருந்தது. இரண்டாம் நாள் ஃபியூஸ். மூன்றாம் நாள் மோட்டாருக்குப் போகிற வயரின் இணைப்பு. நாலாம் நாள் பெடல் சென்சார். எல்லாவற்றையும் ஒரே மாலையில் பார்த்து முடித்திருக்கலாம். நான் ஒரு நாளைக்கு ஒரு சந்தேகம் என்று வைத்துக்கொண்டேன். அவள் கையேட்டை நீதிபதிக் குரலில் படித்தாள்: “மோட்டார் இயங்க மறுக்கும் பட்சத்தில்...” நிறுத்திவிட்டு, “மறுக்குதாம் பாருங்க. பெரிய மகாராணி” என்றாள். இருவரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படி உட்கார்ந்ததில்லை.

உங்கள் மெக்கானிக் பெண் வரும்போதெல்லாம் முதலில் போன் செய்துவிடுவாள். அவள் வர கால் மணி நேரம் இருக்கும்போது காந்தத்தை எடுத்துவிடுவேன். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற குழந்தை மாதிரி வண்டி ஓடும். “சார், எங்கிட்ட நல்லாத்தானே ஓடுது” என்று தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து நிற்பாள், பாவம். நாலாவது முறை மோட்டாரை இயக்குகிற கன்ட்ரோலரையே மாற்றினாள். கிளம்பும்போது, “இந்த டேப்பு யாரு சார் சுத்தினது?” என்று கேட்டாள். பிடி வழுக்குகிறது என்று மனைவி கேட்டதால் சுற்றினேன் என்றேன். இந்த விஷயத்தில் அதுவரை நான் வாயைத் திறந்து சொன்ன ஒரே பொய் அதுதான். மற்றதெல்லாம் பேசாமலே நடந்தது.

இரண்டு தடவை மனைவி மோட்டார் இல்லாமலே அந்தக் கனத்தை மேட்டில் மிதித்துப் போனாள். முழங்கால் வீங்கிவிட்டது. தைலம் தேய்த்துவிட்டது நான்தான். அப்புறம் ஐந்து ஒத்திகை தவறியது. குழுத் தலைவர் போன் செய்து, “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, நாள் நெருங்கிருச்சு” என்று சொல்லி வேஷத்தை வேறொரு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். இவளுக்கு நீதிமன்றச் சேவகர் வேஷம். ‘எல்லாரும் எழுந்து நில்லுங்கள்’ என்ற ஒரே வரி. இவள் சரி என்று சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். தண்ணீர் வீணாகிறதே என்று நான் சொல்லவில்லை. எந்த நேரத்தில் எதைச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் மளிகைக் கடைக்குப் போய்த் திரும்பினேன். வண்டி நடையில் கவிழ்ந்து கிடந்தது. அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள், கையில் ஸ்க்ரூ டிரைவர்.

“பேட்டரி பாத்தாச்சு. ஃபியூஸ் பாத்தாச்சு. வயரு, பெடல் எல்லாம் பாத்தாச்சு” என்று விரல் விட்டு எண்ணினாள். “பிரேக்கை மட்டும் நாம பாக்கவே இல்லையேங்க.”

“பிரேக்குக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்?” என்றேன்.

“நாப்பத்திரெண்டாம் பக்கத்துல போட்டிருக்கு.” உள்ளங்கையை விரித்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ரப்பர்க் காந்த வாத்தின் தலை அதில் கிடந்தது. “இதோட தலை எங்க போச்சுன்னு மூணு வாரமா தேடறேன்” என்றாள்.

தலையைக் கொண்டுபோய் வாத்தின் கழுத்தில் ஒட்டினாள். வண்டியை நிமிர்த்தி, ஏறி, போய்விட்டாள். தெருமுனை வரை மோட்டார் சத்தம் சீராகக் கேட்டது. நான் சொல்லிக்கொடுத்து அவள் கற்றுக்கொண்டாள் என்று நினைத்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அன்றே நீதிபதி வேஷத்தைத் திரும்ப வாங்கிவிட்டாள். அந்த இன்னொரு அம்மாவுக்குப் பாதி வசனம் நாக்கில் வரவில்லையாம், விட்டால் போதும் என்று கொடுத்துவிட்டாராம்.

திரும்பி வந்தவள் என்னிடம் இரண்டே விஷயம் பேசினாள். “கடைக்கு உங்க கையால எழுதிக் குடுங்க. அந்தப் பொண்ணு வயித்துல அடிக்காதீங்க” என்றாள். பிறகு, “வேற ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றேன்.

படிவத்தின் மூன்று கோடுகளில் நான் எழுதியதைத்தான் அவள் படித்தாள். இந்தத் தாளை அவளுக்குக் காட்ட வேண்டாம். உங்களிடம் மறைக்க எனக்குக் காரணம் இல்லை. அவள் தையல் மெஷினின் பெல்ட் வருடத்துக்கு மூன்று முறை அறுந்தது நானாக அறுத்தது. அவள் அக்காவின் போன் வருகிற நேரத்தில் இணைப்பு போனதும் என் வேலைதான். இருபத்திரண்டு வருடம் முன்பு வேறொரு ஊர் வானொலி நிலையத்தில் செய்தி வாசிக்க அவளுக்கு வேலை கிடைத்தது. அந்தக் கடிதம் என் கையில்தான் வந்தது. நான் வேலை பார்த்த கட்டடத்தில், ஒன்பதாவது மாடிக்கு மேல், லிஃப்ட் மோட்டார் பெட்டிக்குப் பின்னால் அதைச் செருகினேன். மூன்று மாதம் அவள் தபால்காரரை வாசலில் நின்று பார்த்தாள். பிறகு, “என் குரல் அவங்களுக்குப் பிடிக்கலை போல” என்றாள். அன்றைக்கு அவள் சாய்ந்து அழுதது என் தோளில். வேறு யார் தோளிலும் இல்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நாடகம். “வந்தா வாங்க, வராட்டி போங்க” என்று சொல்லியிருக்கிறாள். இனி வண்டியைத் தொடுவதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதைக் காப்பாற்றுவேன். இன்று காலை பார்த்தபோது பின்சக்கரத்தில் காற்று கொஞ்சம் குறைவாக இருப்பதாக எனக்குப் பட்டது. பாலத்தில் தனியாகப் போகிறவள். வெள்ளிக்கிழமை அவள் குளிக்கப் போகும்போது அதை மட்டும் ஒரு முறை பார்த்துவிட்டால் எனக்கு நிம்மதி.