ஒரு தாள் இடைவெளி

அத்தை: அரத்தைக் கீழ வைம்மா, போதும்.

மருமகள்: அஞ்சு கம்பி முடிஞ்சுது அத்தை. இன்னும் ஒண்ணே ஒண்ணு...

அத்தை: காலையிலயும் இப்படித்தான் சொன்னே. அப்புறம் கிட்டார் தேன்கூடு மாதிரி இரையலையா?

மருமகள்: அது என்னோட சாவிக்கடைப் புத்தி. ஒரு சாவியைப் பார்த்து இன்னொண்ணு வெட்டியே பழகின கை! கிட்டார் கழுத்து உச்சியில இந்த வெள்ளைக் கட்டை இருக்குல்ல, நட்டு... இதுல கம்பி உட்காருற பள்ளத்தை உங்க மாஸ்டர் கிட்டார்ல அளந்து, அதே ஆழத்துக்கு அப்படியே வெட்டிட்டேன்.

அத்தை: இரு, இரு... மாஸ்டர் வீட்டுக்கா போனே?

மருமகள்: நேத்து சாயங்காலம். நீங்க பல் டாக்டர்கிட்ட போயிருந்தப்ப. உங்க கிட்டாரையும் தூக்கிக்கிட்டுத்தான்.

அத்தை: ஐயோ! அவர்... ஏதாச்சும் சொன்னாரா?

மருமகள்: டீ குடுத்தார்.

அத்தை: வேற?

மருமகள்: சர்க்கரை கம்மி.

அத்தை: விளையாடாதே.

மருமகள்: அவர் கிட்டார் ரொம்பப் பழசு அத்தை. கம்பிக்குக் கீழ குறுக்கே இருக்கிற உலோகப் பட்டையெல்லாம் தேய்ஞ்சு தாழ்ந்து கிடக்கு. உங்களுது புதுசு, பட்டை உயரம். அதே ஆழம் வெட்டினா கம்பி உரசாம என்ன செய்யும்? அதான் இந்த ரெண்டாவது கட்டை.

அத்தை: எதுக்கும்மா இவ்வளவு பாடு? அம்பத்தாறு வயசு விரல். எஃப் கார்டுங்கிற அந்தப் பிடி எனக்கு வராதுன்னு அவர்தான் வகுப்புல எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரே. "ஒரே விரலால ஆறு கம்பியையும் அமுக்கணும், உங்களுக்குத் தெம்பு பத்தாதும்மா"ன்னு... சின்னப் பசங்கள்லாம் சிரிச்சாங்க. மானமே போச்சு.

மருமகள்: அதுக்காகத்தான் அரத்தைக் கீழ வைக்க மாட்டேங்கிறேன். மூணாவது பட்டைகிட்ட கம்பியை அமுக்குங்க. இப்ப முதல் பட்டைக்கு மேல பாருங்க, இடைவெளி இருக்கா?

அத்தை: இருக்கு. கடை ரசீதை ரெண்டா மடிச்சு நுழைக்கலாம்.

மருமகள்: ஒத்தைத் தாள் நுழைஞ்சா போதும். அதுக்குமேல இருந்தா விரல்தான் சாகணும். இருங்க, நாலே இழுப்பு...

அத்தை: பார்த்து! ஜாஸ்தியா போயிட்டா...

மருமகள்: பேசாதீங்க... மூணு, நாலு. ம். மறுபடி அமுக்குங்க.

அத்தை: ஒத்தைத் தாள்... உரசிக்கிட்டே போகுது.

மருமகள்: விரலை எடுத்துட்டுச் சும்மா மீட்டுங்க.

அத்தை: ...இரையலை!

மருமகள்: இப்ப எஃப்.

அத்தை: வேணாம்மா.

மருமகள்: அத்தை...

அத்தை: சரி, சரி, முறைக்காதே... அடியே! ஆறும் பேசுது! ஒவ்வொண்ணா தட்டுறேன், கேளு... நாலு, அஞ்சு, ஆறு! பாதி பலம்கூடப் போடலைடி நான்!

மருமகள்: அழாதீங்க, கம்பி துருப்பிடிச்சிடும். கிளம்புங்க. அஞ்சு மணிக்கு மாஸ்டர் மேடையில வாசிக்க ஆள் எடுக்கிறார்.

அத்தை: ஒண்ணு சொல்லணும்... திட்டக் கூடாது.

மருமகள்: செருப்பை மாட்டிக்கிட்டே சொல்லுங்க.

அத்தை: நேத்தே அவருக்கு மெசேஜ் போட்டுட்டேன். "நான் வரலை, இனிமே வகுப்புக்கும் வரலை"ன்னு.

மருமகள்: தெரியும். அது வந்தப்ப நான் அவர் எதிர்லதான் உட்கார்ந்திருந்தேன்.

அத்தை: தெரிஞ்சுமா நாள் முழுக்க ராவிக்கிட்டு இருந்தே? அதைப் படிச்சுட்டு அவர் என்னதான் சொன்னார்?

மருமகள்: என்னத்தைச் சொல்வார்? அப்ப அவர் மடியில உங்க கிட்டார்தான் இருந்துச்சு. "எஃப் பிடிச்சுக் காட்டுங்க"ன்னு நான்தான் குடுத்தேன். மூணு தடவை அமுக்கினார், மூணு தடவையும் ரெண்டு கம்பி பேசவே இல்லை, கடையில வந்த கட்டை அவ்வளவு உசரம். "வகுப்புல சொல்லிடாதீங்க"ன்னு கெஞ்சினார் அத்தை. சொல்லலை... ஆனா உங்க பேரைப் பட்டியல்ல முதல்ல எழுத வச்சுட்டுத்தான் வந்தேன். வாங்க, நேரமாச்சு.