கரடி மாமாவும் வானவில் அக்காவும்

அப்பா: ...அதெல்லாம் எங்க வீட்ல நடக்கவே நடக்காது டீச்சர். டேப்லெட்டுக்குப் பூட்டு போட்டு வச்சிருக்கேன். என்னை மீறி ஒரு ஈ உள்ள போகாது.

அம்மா: அந்தப் பூட்டோட பாஸ்வேர்டை மறந்துட்டு நம்ம பொண்ணுகிட்டயே கேட்டவர் இவர்தான்.

அப்பா: ஒரே ஒரு தடவை!

அம்மா: வாரா வாரம்.

ஆசிரியை: சார்... அம்மா... ஒரு நிமிஷம். வேலையை விட்டுட்டு வரச் சொன்னது இதுக்கில்ல. உங்க பொண்ணு ஒரு வீடு கட்டுற விளையாட்டு ஆடுறா இல்ல, அதுல யார் யாரோ அவளோட பேசுறாங்க. நேத்து கம்ப்யூட்டர் வகுப்புல அவளே திறந்து காட்டினா. மூணு பேர்.

அம்மா: மூணா! எட்டு வயசுக் குழந்தைகிட்ட என்ன பேச்சு? யாரு அது?

ஆசிரியை: முதல் ஆள் பேரு 'கரடி மாமா'.

அப்பா: ...க்கும்.

அம்மா: இருமாதீங்க, கேளுங்க.

ஆசிரியை: தினமும் வந்து, "பால் குடிச்சியா?"ன்னு கேக்குறார். அப்புறம், "உங்கம்மா இன்னிக்குக் கோவமா இருக்காங்களா? இப்ப வீட்டுக்கு வரலாமா?"ன்னு...

அம்மா: ஐயையோ! என் கோவம் எதுக்கு அவனுக்கு? வீட்டுக்கு வேற வருவானாமா? வரட்டும், கரண்டியைக் காய்ச்சி...

அப்பா: விடும்மா... ஏதோ நல்ல எண்ணத்துல கேட்டிருப்பார்.

அம்மா: யாரு, கரடியா?

ஆசிரியை: ரெண்டாவது, 'வானவில் அக்கா'. இவங்க கேள்வியே வேற. "அப்பா மாடியில நின்னு யார்கூட ஃபோன் பேசுறார்? சட்டையில சிகரெட் வாசனை வருதா?"

அப்பா: என்னது! என்னையே வேவு பாக்குறாங்களா? டீச்சர், இது ஏதோ பெரிய கும்பல். வீட்டை நோட்டம் விடுறாங்க!

அம்மா: கும்பலெல்லாம் இருக்காது... குடிக்கத் தண்ணி இருக்கா டீச்சர்?

அப்பா: உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

அம்மா: ஃபேன் மெதுவா சுத்துது.

ஆசிரியை: மூணாவது ஆளைக் கேளுங்க. 'நட்சத்திரத் தோழி'. ஒன்பது வயசுன்னு சொல்லிக்குது. விளையாட்டுக் காசு, பறக்குற குதிரைன்னு பரிசா அள்ளிக் குடுத்திருக்கு. அப்புறம் மெல்ல, "கேமராவைப் போடு, உன் ரூமைக் காட்டு. இது நம்ம ரகசியம், வீட்ல சொல்லாதே"ன்னு...

அப்பா: காட்டினாளா?

ஆசிரியை: இல்ல.

அப்பா: நிஜமாவா டீச்சர்?

ஆசிரியை: நிஜமா. "வீட்ல சொல்லாதே"ன்னு யார் சொன்னாலும் உடனே பெரியவங்க யார்கிட்டயாவது சொல்லணும்னு வகுப்புல சொல்லியிருந்தேன். நேரா எங்கிட்ட வந்துட்டா.

அம்மா: பெத்தவ நான் இருக்கேனே... எங்கிட்ட ஏன் சொல்லல?

ஆசிரியை: சொன்னா டேப்லெட்டைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிடுவீங்களாம்.

அப்பா: சேச்சே, நாங்க அப்படியெல்லாம்...

அம்மா: பூட்டியிருப்போம்ங்க. முதல்ல பூட்டிட்டுத்தான் மிச்சத்தையே கேட்டிருப்போம்.

ஆசிரியை: சரி, போனது போகட்டும். போலீஸ்ல பேசிட்டேன். மூணு பேரையும் பிடிச்சுக் குடுத்துடலாம்.

அப்பா: மூணு பேரையுமா?

அம்மா: மூணு எதுக்கு டீச்சர்... அந்தக் கடைசி ஒண்ணு போதாதா?

ஆசிரியை: அதெப்படி? கரடி வீட்டுக்கே வரேன்னு கேட்டிருக்கார். எந்த ஃபோன், எந்த வீடுன்னு கண்டுபிடிச்சு, வாசல்லயே வந்து அமுக்கிடுவாங்க.

அப்பா: டீச்சர்... அந்தக் கரடி... எங்க வீட்லதான் இருக்கு.

அம்மா: என்ன உளர்றீங்க?

அப்பா: நான்தாம்மா கரடி!

அம்மா: அட கடவுளே... அதுக்குத்தான் ஃபோனும் கையுமா பாத்ரூம்லயும் தெருமுனையிலயும் குடியிருந்தீங்களா?

அப்பா: எவனாவது அவளை ஏமாத்திடக் கூடாதேன்னு காவலுக்குப் போனேன்.

அம்மா: காவலுக்குப் போனவருக்கு என் கோவம் எதுக்கு?

அப்பா: வந்தது வந்தோம், அதையும் கேட்டுக்கலாமேன்னு... ஆமா, அந்த வானவில்...

அம்மா: ...நானும் காவலுக்குத்தான் போனேன்.

அப்பா: அடிப்பாவி! அதான் ஒரு மாசமா அடுப்புல வச்சதெல்லாம் அடி பிடிச்சுதா?

அம்மா: சிரிக்காதீங்க. ரெண்டு பேரும் உள்ளயே இருந்திருக்கோம்... அந்த மூணாவது நம்ம கண்ணுல படலையே.

அப்பா: ...நான் உன் கோவத்தை விசாரிச்சுட்டு இருந்தேன்.

அம்மா: நான் உங்க சட்டையை. அவ பக்கத்துல உக்காந்து, "எனக்கும் ஒரு வீடு கட்டிக் குடுடி"ன்னு ஒருநாளாவது கேட்டிருக்கலாம்.

அப்பா: டீச்சர், கையெடுத்துக் கும்பிடுறேன். இது அவளுக்குத் தெரிஞ்சா எங்க மானம் போயிடும். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க.

ஆசிரியை: நான் எங்க சார் சொல்றது? எனக்கே நேத்து அவதான் சொன்னா: "அந்த மூணாவது ஆளை மட்டும் பிடிச்சுக் குடுங்க மிஸ். கரடியும் வானவில்லும் எங்க அப்பா அம்மா. அவங்களை விட்டுடுங்க, பாவம்... அங்க என்னை விட்டா அவங்களுக்கு வேற ஃப்ரெண்டே கிடையாது."